மூன்று நல்ல விஷயங்களும் மாதாவும்: வட சென்னையில் கவுன்சலிங் தொடங்குபவருக்கு

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலையைச் சரிபார்ப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கடன் வாங்குவார்கள். அப்படி ஒரு மே மாத மத்தியானம் பெண்கள் குழு ஒன்றில் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ‘இன்று நடந்த மூன்று நல்ல விஷயங்கள், அவை ஏன் நடந்தன’ என்று தமிழில் அச்சடித்த தாள். அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2005-ல் சோதித்துப் பார்த்த பயிற்சி அது. ஒரு வாரம் இரவில் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது என்று எழுதினார்கள்.

ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் ஒரு அக்கா முதலில் எழுதி முடித்தார். ‘பொண்ணு பன்னெண்டாவது பாஸ். மாமியாருக்கு சுகர் மாத்திரை கெடச்சுது. பக்கத்து வீட்டுக்கு ஐந்நூறு திருப்பிக் குடுத்தேன்.’ ஏன் நடந்தது என்ற கட்டத்தில் மூன்றுக்கும் ஒரே பதில்: மாதா.

அன்றைக்குச் சாயங்காலம் என் நோட்டில் ‘பயிற்சி புரியவில்லை, தன்னைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்’ என்று எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. புரியாமல் போனது எனக்குத்தான். நல்லது என்றால் எனக்கு நடப்பது, அதற்குக் காரணம் நான் செய்தது என்ற கணக்கை அந்தத் தாள் எதிர்பார்த்தது. அந்த அக்காவின் கணக்கில் மகள், மாமியார், பக்கத்து வீடு, மாதா எல்லாரும் இருந்தார்கள். எல்லாரையும் சேர்த்துத்தான் அவருக்கு ‘நான்’.

எம்.ஏ. உளவியலோ எம்.எஸ்.டபிள்யூ.வோ முடித்துவிட்டு, ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் ஒரு பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ சர்ச் ஹாலிலோ முதல் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். படிப்படியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் வருகிற ஆள் அந்த வரிசைப்படி வரமாட்டார்.

தியரியில் இவ்வளவு போதும்

நேர்மறை உளவியல், ஆளிடம் என்ன கெட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்காமல் என்ன நன்றாக இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்கிறது. 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது செலிக்மன் இதைப் பெரிதாக எடுத்துப் பேசினார். 2004-ல் அவரும் கிறிஸ்டஃபர் பீட்டர்சனும் 24 குணபலங்களை ஆறு நற்பண்புகளின் கீழ் தொகுத்தார்கள். பண்பாட்டு நோக்குள்ள கவுன்சலிங் தனியாக வளர்ந்தது. டெரால்ட் விங் சூவும் இரண்டு சகாக்களும் 1992-ல் அதை மூன்றாகச் சொன்னார்கள்: உன் சாய்வு என்னவென்று தெரிந்துகொள், எதிரே இருப்பவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள், அதற்கேற்ற கைத்திறனைப் பழகு.

இரண்டும் உரசுகிற இடம்தான் நமக்கு வேண்டியது. தன்னைத் தனி ஆளாக நினைப்பவர், உறவுகளோடு சேர்த்து நினைப்பவர் என்ற வேறுபாட்டை ஹேசல் மார்க்கஸும் ஷினோபு கிட்டயாமாவும் 1991-லேயே விளக்கிவிட்டார்கள். உளவியல் ஆய்வுகளில் கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் வசதியான மேற்கு நாட்டுப் படித்தவர்கள், மனிதகுலத்துக்கே அவர்களை மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று ஜோசப் ஹென்ரிக்கும் சகாக்களும் 2010-ல் காட்டினார்கள். கையில் இருக்கும் தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அது யாரை அளந்து தைத்த சட்டை என்று தெரிந்துகொண்டு போடச் சொல்கிறேன்.

படி 1: உட்காருவதற்கு முன் நடங்கள்

முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்காராதீர்கள். மின்ட் தெருவில் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள், சமணக் கோயில்கள். பத்து நிமிட நடையில் மண்ணடி, பள்ளிவாசல் பாங்கு. ராயபுரத்தில் தேவாலயமும் மீனவர் தெருக்களும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். வியாசர்பாடியில் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இருக்கிறார்கள். சாயங்காலம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடையில் நின்றால் பாதிக் கதை அங்கேயே கிடைக்கும். பெரம்பூரில் ரயில்வே குடும்பங்கள், அவற்றில் ஆங்கிலோ இந்தியர்களும் உண்டு. மணலி, எண்ணூர் பக்கம் ஒடிசா, பீகாரிலிருந்து வந்து அறைக்கு ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்கள். ‘வட சென்னைக்காரர்’ என்று ஒரு ஆள் கிடையாது. அவரை சினிமாவில்தான் பார்க்கலாம்.

நடக்கும்போது காலக்கணக்கையும் கேளுங்கள். துணி ஆலையான பின்னி மில் 1996-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. ‘எங்க தாத்தா மில்லுல இருந்தாரு’ என்று புளியந்தோப்புப் பையன் ஒருவன் சொன்னால் அது பெருமையா, ஏக்கமா, அப்பாவுக்கு வேலை நிலைக்காததற்கான காரணமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் மூன்றும்.

உங்களையும் கூடவே கவனியுங்கள். நான் ஈரோட்டுப் பக்கம். எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் சண்டை என்று அர்த்தம். இங்கே முதல் மாதம் முழுக்க இரண்டு பேர் சத்தமாகப் பேசினாலே எழுந்து நடுவில் போய் நின்றேன். அவர்கள் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

படி 2: வார்த்தைகளைச் சேகரியுங்கள்

‘மனச்சோர்வு’ என்று ஒருவரும் வந்து சொல்லமாட்டார். ‘ஒரே பேஜாரா கீதுக்கா’ என்பார்கள். பேஜார் இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். அலுத்துப்போவது, வெறுத்துப்போவது என்று பொருள். வெறும் தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், சோறு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டால் நீங்கள் படித்த அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரும். ‘காண்டாவுது’ எரிச்சல். ‘மெர்சலாயிட்டேன்’ திடுக்கிட்டு உறைந்துபோவது. ‘மண்ட காயுது’ யோசித்து யோசித்து ஓய்வது. பெரியவர்களுக்குத் துக்கம் உடம்பில்தான் வரும்: நெஞ்சை அடைக்குது, மேலெல்லாம் எரியுது, கை கால் ஓயுது. அதை ‘உண்மையான’ நோய் இல்லை என்று ஒதுக்காதீர்கள். உடம்பு நோயாகவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. அவர்களுடைய பேச்சை நீங்கள் நடிக்காதீர்கள். கீது, நைனா என்று புதிதாகப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, வெளியே போய்ச் சிரிப்பார்கள். புரிந்துகொண்டால் போதும்.

முறை வைத்துக் கூப்பிடுவதும் கேட்டுப் பழகுவதுதான். வயதானவரை ஆயா என்று இங்கே அன்போடு அழைப்பார்கள். மண்ணடியில் ஒரு வீட்டில் மூத்தவளை லாத்தா என்பார்கள், அடுத்த வீட்டில் அக்கா. பத்தொன்பது வயதுப் பையனுக்கு ‘நீங்க’ போடுங்கள். போலீசிலும் பள்ளியிலும் ‘டேய்’ கேட்டே வளர்ந்தவன், அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தைக் கவனிப்பான்.

படி 3: யார் உள்ளே, யார் வெளியே

பாடப்புத்தகத்தில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு மணி நேரம். இங்கே ஒரு பெண்ணோடு அம்மா, அக்கா, இடுப்பில் குழந்தை எல்லாம் வரும். விரட்டாதீர்கள். முதல் பத்து நிமிடம் எல்லாரும் இருக்கட்டும். அப்புறம், ‘எல்லாருகிட்டயும் தனித்தனியா கொஞ்ச நேரம் பேசறது எங்க வழக்கம்’ என்று சொல்லி ஒவ்வொருவராகப் பாருங்கள். அந்தப் பெண்ணை மட்டும் தனியே அழைத்தால் வீட்டுக்குப் போனதும் விசாரணை நடக்கும்.

ரகசியம் காப்போம் என்று சொல்வது சுலபம். போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டீர்களா? ஒரே அறை வீட்டில் நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப்பை அண்ணன்தான் முதலில் படிப்பான். எந்த நம்பருக்கு, எந்த நேரத்தில், என்ன பெயரில் பேசலாம் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். மொழி தெரியாத குடும்பம் என்றால் அவர்களுடைய பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஒன்பது வயதுப் பெண் தன் அம்மாவின் தற்கொலை எண்ணத்தைத் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்வதை ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்தக் குழந்தைக்கு அப்புறம் யார் கவுன்சலிங் தருவது?

‘நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க’ என்று கேட்பார்கள். நாம் ஆலோசனை சொல்வதில்லை என்று படித்ததை ஒப்பிக்காதீர்கள். மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி 1973-லேயே, இந்தியச் சூழலில் சிகிச்சை உறவுக்குக் குரு–சிஷ்ய உறவை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். குருவாக உட்காரும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் ஒன்றுமே சொல்லாத கவுன்சலரிடம் இரண்டாவது தடவை யாரும் வருவதில்லை. சின்னதாக, செய்யக்கூடியதாக ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்.

படி 4: காரணத்தை அவர்களிடம் கேளுங்கள்

ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1970-களின் இறுதியில் சில எளிய கேள்விகளைத் தொகுத்தார். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்று இருக்கிறது. நான் நாலு கேள்வியோடு நிறுத்திக்கொள்வேன். இதுக்கு நீங்க என்ன பேரு சொல்வீங்க? எதனால வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? ஏன் அந்த நேரம் பாத்து ஆரம்பிச்சுது? இதுல உங்களுக்கு ரொம்ப பயம் எது?

ஒரு வீட்டில் பையன் நாலு நாளாகத் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தான். அம்மா சொன்னார்: ராத்திரி மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கம் வந்தபோது காத்து அடித்துவிட்டது. அண்ணன் சொன்னான்: கஞ்சா. ஆயாவோ, மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, சொத்துத் தகராறில் சித்தப்பன் வைத்த செய்வினை என்றார். ஒரே வீட்டில் மூன்று காரணம், ஒவ்வொன்றும் மற்றவர் காதில் விழாமல். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தால் ஆள் கைநழுவிப் போய்விடும். கையில் கட்டிய கயிறு இருக்கட்டும், தர்காவில் ஓதி ஊதுவதும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்று பேசி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத கோடும் உண்டு. பட்டினி போடுவது, சூடு வைப்பது, மாத்திரையை நிறுத்துவது, சங்கிலி போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலி என்ற சொல் காதில் விழுந்தால் ‘அவர்கள் நம்பிக்கை’ என்று நான் சும்மா இருப்பதில்லை.

எங்கே அனுப்புவது என்பதிலும் பண்பாடு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது, அனுபவமுள்ள இடம். ஆனால் ‘கீழ்ப்பாக்கம் கேசு’ என்பது இந்த ஊரில் வசவு. அந்தப் பெயரை முதலில் எடுத்தால் நாளைக்கு வரமாட்டார்கள். ஸ்டான்லி என்று சொல்லுங்கள். பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் போய்ப் பழகிய ஆஸ்பத்திரி, அங்கேயே மனநலப் பிரிவும் இருக்கிறது. வாசலில் யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள்.

படி 5: பலத்தைக் கண்டுபிடிக்கும் முறை

இங்கேதான் நான் அதிகம் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ‘சந்தோஷமா இருக்கீங்களா, பத்துக்கு எத்தனை?’ என்ற கேள்வி. எட்டு என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவர் மேசையைத் தட்டுவார், கண் பட்டுவிடும் என்று. ‘ஏதோ ஓடுது’ என்ற பதிலை நான் பல வருஷம் நாலு என்று குறித்துக்கொண்டிருந்தேன். அது ஏழாகக்கூட இருக்கலாம். அதிகம் சிரித்தால் அழ நேரும் என்ற பயம் பல பண்பாடுகளில் இருக்கிறது என்று ஜோஷன்லூ, வைஜர்ஸ் என்ற இருவர் 2014-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எங்களுக்கு அதைச் சொல்லக் கட்டுரை தேவையில்லை, வாசலில் பூசணிக்காய் தொங்குகிறது. நான் இப்போது கேட்பது வேறு: ‘போன மாசத்துக்கு இந்த மாசம் எப்படி? நைட்டு சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்தீங்களா?’

அடுத்தது நன்றிக் கடிதம். நமக்கு நல்லது செய்தவருக்கு எழுதி, நேரில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். ஆய்வில் நல்ல பலன் தந்த பயிற்சி. வியாசர்பாடிப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். ரொம்ப நல்ல பையன், ஒரு பக்கம் நிறைய அம்மாவுக்கு எழுதி, ராத்திரி அவர் பாத்திரம் கழுவும்போது நின்று படித்திருக்கிறான். அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்து, ‘என்னடா, எதனா பண்ணிக்கப் போறியா?’ என்று அழுதிருக்கிறார். தெருவே கூடிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் என் முன்னால்.

அம்மாவிடம் யாரும் நன்றி சொல்வதில்லை. தேங்க்ஸ் அந்நியருக்குச் சொல்வது. வீட்டுக்குள் அது உறவை முறிப்பதுபோல் கேட்கும், இல்லை கடைசியாக விடைபெறுவதுபோல். நன்றி இங்கே செய்கையாக வரும். அந்தப் பையனோடு மறுபடி யோசித்தோம். ஒரு வாரம் தண்ணிக் குடத்தை அவன் மாடிக்குத் தூக்கினான். அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். மீன் குழம்பில் நடுத்துண்டு அவன் தட்டில் விழுந்ததாம்.

24 குணபலங்களின் பட்டியலை நீட்டினால், ‘எனுக்கு இதெல்லாம் இல்லக்கா’ என்பார்கள். தன்னைத் தானே புகழ்வது கூச்சம். அதனால் வேலையைக் கேளுங்கள், பலம் தானாக வெளியே வரும். பத்து வருஷமாகச் சீட்டு நடத்தி, ஒருவர் பணத்தையும் விடாமல் திருப்பிக் கொடுத்த பெண்ணிடம் நேர்மை, முன்யோசனை, தலைமை எல்லாம் இருக்கிறது. தெருவில் சாவு விழுந்தால் பந்தல், பூ, பால், டீ எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் ஏற்பாடு செய்யும் இளைஞனை ‘வேலையில்லாதவன்’ என்றுதான் ஃபைலில் எழுதியிருப்போம். கேரம் கிளப்பிலும் பாக்சிங் கிளப்பிலும் விடாமுயற்சி தினமும் நடக்கிறது, அங்கே அதற்கு அந்தப் பெயர் இல்லை. நான் கேட்கும் கேள்வி: ‘தெருவுல எதுக்கு உங்கள கூப்புடுவாங்க?’ பதில் வராத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

அவர் சொல்லக் கூச்சப்படுவதைக் கூட வந்தவரிடம் கேளுங்கள். மாமியார் மருமகளைப் பற்றி முதல் தடவையாக நல்லதாக ஒரு வாக்கியம் சொன்னது என் அறையில் நடந்திருக்கிறது. மூன்று மாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

படி 6: எப்போது நேர்மறையை மூட்டை கட்ட வேண்டும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுப்பாகின. அந்த வாரம் போய் ‘இதில் நீங்கள் கற்றுக்கொண்ட நல்லது என்ன’ என்று கேட்பது அநியாயம். கோபம் அங்கே நோயல்ல. அதைக் கேளுங்கள், மனு எழுத உதவி வேண்டுமா என்று கேளுங்கள். ஆற்றாமையைக் குணப்படுத்தி அவர்களை வாயடைக்கும் வேலைக்கு நாம் வரவில்லை.

அடி உதையிலும் அதேதான். ‘இங்கெல்லாம் இது சகஜம்’ என்று சொல்பவர் பண்பாட்டைப் புரிந்துகொண்டவர் இல்லை, கைகழுவுகிறவர். உதவி எண்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பதினெட்டு வயதுக்குக் கீழ் பாலியல் வன்முறை என்று தெரிந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும், குடும்பம் வேண்டாம் என்றாலும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சாவதைப் பற்றிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பல வீடுகளில் மறைப்பார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சொன்னதும் வீட்டார் முகம் மாறும். டெலி மானஸ் என்ற 24 மணி நேர மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 என்ற எண்ணும் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் எழுதித் தராதீர்கள், தொலைந்துவிடும். அவர்கள் போனிலேயே சேமித்துக் கொடுங்கள்.

படி 7: பை நிறைய மீன் வந்தால்

ஜூன் 14 முடிந்து படகுகள் போய்த் திரும்பிய வாரம், தாளில் மூன்று முறை மாதா என்று எழுதிய அக்கா மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே சுத்தம் செய்து மஞ்சள் தடவிய சங்கரா. ‘உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்.’ வாடிக்கையாளரிடம் பரிசு வாங்கக் கூடாது என்று நெறிமுறை வகுப்பில் படித்திருக்கிறோம். பணம், நகை, துணி என்றால் இன்றும் வாங்கமாட்டேன். ஆனால் இரண்டு மாத அடைப்புக்குப் பிறகு வந்த முதல் மீனை மறுத்தால் அவர் கையைத் தட்டிவிட்டதாகும். வாங்கினேன். மேலதிகாரியிடம் சொன்னேன், ஃபைலிலும் எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: சொல்லிவிட்டு வாங்குங்கள், மறைத்து வாங்காதீர்கள்.

பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே. அடுத்த செவ்வாய் ஊரிலிருந்து வந்த நாட்டுச் சர்க்கரையில் அரைக் கிலோ போட்டு நீட்டினேன். பிரித்துப் பார்த்து, ‘ஆயாவுக்கு சுகருக்கா, புள்ளைங்களுக்குக் குடுக்கறேன்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.